இடக்கதவும் வலக்கதவும்

ஜூலை 4, செவ்வாய்

மழை. காலையில் பாதி வகுப்பு தச்சுப் பட்டறையில். வேலைக்கும் வீட்டுப் பொறுப்புக்கும் நடுவே படிக்கும் மீதிப் பாதிக்கு, மாலையில் காலிப் பட்டறையிலிருந்து திரையில். பலகையும் உளியும் அவர்கள் வீட்டுக்கே போயாயிற்று.

முதல் வேலை, நூலக அலமாரிகளுக்குக் கதவு. வீட்டில் செய்த கதவும் உருப்படியாக வந்தால்தான் திரை வகுப்பு தொடருமாம். தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் படிப்பு நின்றுவிடும். இந்தப் பாரம் என் தலையிலா?

ஜூலை 5, புதன்

திரையில் என் எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. நல்லவேளை, கவனித்தேன்! வேண்டியது வலக்கதவு; அதனால் கீலை இடப்பக்கம் வைத்துக் காட்டினேன். அவர்களுக்கு வலப்பக்கமாகத் தெரியும். ‘பார்த்து அப்படியே செய்யுங்கள்’ என்பதோடு சரி. பேசினால் குழப்பம்தான்.

மனைவி கேட்டுவிட்டு, “இந்த மூளைக்கு ஒரு பூட்டு போடுங்க, யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க” என்றாள். பாராட்டா?

ஜூலை 20, வியாழன்

வீட்டுக் கதவுகள் வந்தன. அத்தனையும் இடக்கதவு! கைப்பிடித் துளை மேலே இருப்பதால் கவிழ்த்துப் போடவும் வழியில்லை.

கணினி ஆசிரியர் சிரித்தார். “உங்க திரையில மட்டும்தான் சார் அது கண்ணாடி மாதிரி. அவங்களுக்கு நேராத்தான் தெரியும்.”

சும்மா இருந்திருந்தாலே சரியா வந்திருக்குமே — யோசிச்சு யோசிச்சு என்ன புண்ணியம்?

ஜூலை 21, வெள்ளி

இடக்கதவுகளை ஒரு பக்கமும், பட்டறைப் பிள்ளைகள் செய்த வலக்கதவுகளை மறுபக்கமும் அடுக்கினேன்.

ஜூலை 22, சனி

பட்டறைப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, திரையில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். கைக்குழந்தைத் தம்பியை மடியில் வைத்தபடி, நாங்கள் ‘வாயாடி’ என்று கூப்பிடும் பெண் திரையிலிருந்து இடைமறித்தாள்.

“சார், அலமாரிப் பெட்டிக்குப் பலகை இன்னும் அறுக்கலதானே? அகலமாச் செஞ்சா ரெட்டைக் கதவு. அவங்க பாதி, நாங்க பாதி!”

“எங்க கதவுக்கு ஜோடி கிடைச்சாச்சு டோய்!” என்று பட்டறையில் ஒரே கூச்சல். நானும் மேசையைத் தட்டினேன் போலிருக்கிறது. உள்ளங்கை சிவந்திருக்கிறது.

ஜூலை 31, திங்கள்

தலைமையாசிரியை முதல் அலமாரியின் இரு கதவுகளையும் திறந்தார், மூடினார். நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக.

“முதல்லயே போட்ட திட்டமா சார்?”

‘ஆமாம்’ நாக்கு நுனிவரை வந்தது. “இல்லை மேடம். என் தப்பு.”

மறுபடி திறந்து மூடினார். “இன்னொரு தப்பு பண்ணுங்க சார். ஆசிரியர் அறைக்கும் ஒரு அலமாரி வேணும்.”

ஆகஸ்ட் 2, புதன்

மாலையில் திரை வகுப்பு. புதிதாக நாலு முகங்கள். பலகையில் பெரிதாக ‘வலது’ என்று எழுதினேன். என் திரையில் புரண்டு தெரிந்தது.

தெரியட்டும். உளியை எடுத்தேன்.