தராசுக்காரருக்கு நான் சொன்ன பதில்

அக்கா,

இன்று காலையில் தெருமுனையில் பட்டை வண்டி ஒன்று குடை சாய்ந்துவிட்டது. விடியற்காலை மழையில் ஊறிய ஆவாரம்பட்டை வழி முழுவதும் சிதறிக் கிடந்தது. அந்தத் துவர்ப்பு வாசனை வீட்டுக்குள் ஏறிவந்தது. உன் சேலையில், தலைமுடியில், நீ பிசைந்து போட்ட சோற்றில்கூட இருந்த வாசனை. "அக்கா, கதவைச் சாத்து" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

உனக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். பைபிள் அம்மாள் வீடு வீடாக வந்து பெண்களை எழுத்துப் படிக்க அழைத்தபோது நான் போனேன், நீ வரமாட்டேன் என்றாய். "எழுதத் தெரிஞ்சா எங்கனா உண்மைய எழுதிப்புடுவேன்டி, நமக்கு வேணாம்" என்று சொல்லிச் சிரித்தாய். நீ சொன்னது சரிதான். தெரிந்த நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆம்பூரில் எல்லோருக்கும் நீ என் நாத்தனார். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். நீயும் நானும் ஒரே ஆளுக்கு வாக்கப்பட்டவர்கள், நீ மூத்தவள், நான் இளையவள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. நீயும் போய்விட்டாய். மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. ஒருத்தியாக இதை வைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு பேஜார் என்று உனக்குத் தெரியாது. நீ இருந்தவரைக்கும் நாம் பேசிக்கொள்ளாவிட்டாலும் இரண்டு பேராக இருந்தோம்.

பள்ளிகொண்டாவுக்கு என்னைப் பெண் கேட்டு வந்ததே நீதான். எட்டு வருஷம் ஆகியும் உனக்குப் பிள்ளை இல்லை. வெற்றிலைத் தட்டை என் அம்மாவிடம் நீட்டி, "என் தங்கச்சியா வெச்சிக்கிறேன்" என்றாய். அப்படித்தான் வைத்துக்கொண்டாய், அதில் பழுது சொல்லமாட்டேன். கணியம்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரே அடுப்பில் சமைத்தோம். இரண்டு வருஷம் மழை பொய்த்தது. அவருக்கு இங்கே தோல் பதனிடுகிற ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் வேலை கிடைத்தது. கைக்குழந்தையோடு நான் அவர் பின்னால் வந்தேன். மாட்டைப் பார்த்துக்கொள்ள நீ ஊரில் நின்றாய்.

இங்கே சனங்கள் குடும்பம் குடும்பமாகக் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துகொண்டிருந்த சமயம் அது. சேர்ந்தவர்களுக்கு மிஷன் நிலத்தில் குடிசை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைப் படியேற விடாத காலம். சபை உபதேசியார் வந்து பேர் எழுதினார். எழுதும்போதே சொன்னார்: இரண்டு பெண்டாட்டிக்காரருக்குச் சபையில் இடமில்லை, முதல் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு மற்றவளை அனுப்பிவிட வேண்டும். நம் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஒருத்திதாங்க" என்றார். நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அனுப்பப்பட வேண்டியவள் நான். பள்ளிகொண்டாவில் என்னைத் திரும்ப ஏற்க யாரும் இல்லை.

ஆறு மாதம் கழித்து, மாடு செத்து, தலையில் மூட்டையோடு நீ வந்து நின்றாயே, அந்த நேரம் பார்த்து உபதேசியார் வாசலில் உட்கார்ந்திருந்தார். "யாரும்மா இவங்க?" என்று என்னைத்தான் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவரோட அக்காங்க."

நீ என்னைப் பார்த்தாய். மூட்டையை இறக்கவில்லை. "வீட்டுக்காரர் இருக்காராம்மா?" என்று உபதேசியார் உன்னைக் கேட்டார். நீ முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு, "இல்லீங்க" என்றாய். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையில் வீடு கட்டி முப்பது வருஷம் குடியிருந்தோம்.

அன்றே தாலியைக் கழற்றினாய். நான் அடுப்பை ஊதுகிற சாக்கில் பார்க்காத மாதிரி இருந்தேன். அவர் ஒரு வாரம் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாம்மே, இந்தாம்மே" என்று திரிந்தார். அடுத்த ஞாயிறு உபதேசியார் வந்தபோது வேறு வழியில்லை. "அக்கா, தண்ணி கொண்டா" என்றார். சொம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் புறக்கடைக்குப் போனாய். தோள் குலுங்கியது. சிரிக்கிறாய் என்று நினைத்தேன், நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதற்கப்புறம் அவர் எப்போதாவது உன் பக்கம் வந்தால், "அக்கான்னு கூப்ட்ட வாயி. இனிமே அக்காதான், போய்ப் படு" என்று நீ சொல்லி அனுப்பியது என் காதில் விழுந்திருக்கிறது. அவரைவிட, என்னைவிட, நீதான் அந்தப் பொய்க்கு நேர்மையாக இருந்தாய்.

எனக்கு அப்புறம் மூன்று பிறந்தன. நான்கும் உன்னை அத்தை என்றன. பெரியம்மா என்று கூப்பிட வேண்டிய பிள்ளைகள்.

ஜெர்மன் சண்டை வந்தது. பட்டாளத்துக்குத் தோல் வேண்டும் என்று ஷாப்பெல்லாம் மூச்சு விடாமல் ஓடியது. பட்டைக் கொட்டகையில் பெண்களுக்கும் வேலை. தோலை ஊறப்போடக் காட்டிலிருந்து வருகிற ஆவாரம்பட்டையைக் காயவைத்து இடித்துக் கொடுக்க வேண்டும். அங்கேதான் அவர் இருந்தார், பட்டையை நிறுத்து வாங்குகிற தராசுக்காரர். திருப்பத்தூர்ப் பக்கம், நம் சபை, பெண்டாட்டி செத்துப் பிள்ளையில்லாத ஆள். கணக்காகப் பேசுவார். உன்னிடம் மட்டும் கணக்கு மீறும்.

"இன்னாம்மா, பட்டை இவ்ளோ ஈரமாக் கீது? தண்ணிய நிறுக்கச் சொல்றியா?"

"உங்க கல்லுதான் காஞ்சு கெடக்குது. அத்த நனைச்சிட்டு நிறுங்க."

கொட்டகை முழுதும் சிரிக்கும். நான் சிரிக்கவில்லை. உன் முகம் எனக்குத் தெரியுமே. வெள்ளைச் சேலைக்குள்ளே பத்து வருஷமாகக் காணாமல் போயிருந்தவள் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தாய். தலையை அழுத்திச் சீவ ஆரம்பித்தாய். வேலைக்குக் கிளம்ப என்னை நீ அவசரப்படுத்தினாய், அதற்கு முன்னால் நான்தான் உன்னை அவசரப்படுத்துவேன்.

நம் சபையில் விதவைக்குக் கல்யாணம் என்றால் தப்பில்லை. பாதிரியாரே முன்னின்று செய்துவைப்பார். ஒரு மத்தியானம் நீ ஏரிக்குத் துணி துவைக்கப் போயிருந்தாய். பைபிள் அம்மாள் வந்து உட்கார்ந்து, முகமெல்லாம் பல்லாக, "உங்க நாத்தனாரை நம்ம தராசுக்காரர் கேக்கறார். நல்ல மனுஷன். ரெண்டு பேருக்கும் ஆறுதலா இருக்கும். அவங்க மனசு எப்படின்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு உன் மனசு தெரியும். கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் என் கண் முன்னால் வந்தது கோயிலில் ஓலை வாசிக்கிற காட்சி. மூன்று ஞாயிறு பலிபீடத்தின் முன் நின்று பாதிரியார் மணமக்கள் பேரை வாசிப்பார். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்பார். அந்த வருஷம் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு ஆட்கள் ஜாஸ்தியாக வந்திருந்தார்கள். இரண்டு பேர் கோயிலுக்கும் வர ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒருவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கியோ பாத்த மூஞ்சி" என்றிருந்தான். உன் பேரையும் ஊரையும் சேர்த்து வாசித்தால் யாராவது ஒருவன் எழுந்து நின்று, "அந்தம்மாவுக்குப் புருஷன் இதோ உக்காந்திருக்கானே" என்பான். அப்புறம் நான் யார்? என் நான்கு பிள்ளைகள் யார்? மூத்தவன் மிஷன் விடுதியில் படித்துக்கொண்டிருந்தான். குடிசை, பள்ளிக்கூடம், பேர் எல்லாம் அந்த ஒரு ஆள் எழுந்து நிற்பதில் தொங்கியது.

"அவங்களுக்கு இஷ்டமில்லீங்க. கேட்டாச்சு. இனிமே அந்தப் பேச்சு வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

பைபிள் அம்மாள் பெருமூச்சு விட்டு எழுந்து போனாள். அரைமணி கழித்து நீ ஈரத் துணியோடு வந்தாய். "யாரு வந்தாங்க, பாய் விரிச்சிருக்கு?" என்று கேட்டாய். சும்மா ஜெபம் பண்ண வந்தார்கள் என்றேன்.

அதற்கப்புறம் தராசுக்காரர் உன்னிடம் கேலி பேசவில்லை. நிறுத்தார், சீட்டுக் கொடுத்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆறு மாதத்தில் திருப்பத்தூரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். நீ பழையபடி வெள்ளைச் சேலைக்குள் போய்விட்டாய். நான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன், நீ ஏதாவது கேட்பாய் என்று. கேட்கவில்லை. எனக்குச் சோறு போட்டாய், என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் உட்கார்ந்து கண் விழித்தாய், என் தலைக்குப் பேன் பார்த்தாய். உனக்குத் தெரியாது என்று நம்பி, அந்த நம்பிக்கையில் உடம்பு பெருத்தேன்.

மூத்தவன் இப்போது வாத்தியார். மேடையேறியும் பேசுகிறான். வேலூரிலிருந்து தலைவர்கள் வந்தால் அவர்களுக்கு முன்னால் இவன்தான் பேசுவான். போன வருஷம் நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோமே, "நம்மை அடைத்து வைத்தவர்கள் யார் என்று கேளுங்கள்" என்று அவன் கையை உயர்த்தியபோது கூட்டம் கை தட்டியது. நீயும் தட்டினாய். என் கை எழவே இல்லை. அவன் சொல்வது ஊரைப் பற்றி, அது நியாயம்தான். ஆனால் உன்னை அடைத்து வைத்தவள் உன் தோளில் தோள் உரச உட்கார்ந்திருந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான் நீ அதை எடுத்தாய். மத்தியான வெயில். உனக்கு மூச்சு வாங்கியது. நான் ஆரஞ்சுச் சுளையின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "தராசுக்காரர் செத்துட்டாராம்டி, திருப்பத்தூர்ல. பக்கத்துக் கட்டில்காரம்மா அந்த ஊரு" என்றாய். நான் சுளையைக் கீழே போட்டுவிட்டேன்.

"நீ பைபிள் அம்மா கிட்ட சொன்ன மறுநாளே அவரு கொட்டகைக்கு வந்து என்னையே கேட்டாரு. 'நெசமா உனக்கு இஷ்டமில்லையா, இல்ல உன் வூட்ல சொல்றாங்களா'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"நெசம்தான்னேன்."

"ஏன் அக்கா?"

"நீ பொய் சொன்னேன்னு நான் சொன்னா, அவ ஏன் பொய் சொன்னான்னு கேப்பாரு. அதுக்கு ஒண்ணு சொன்னா இன்னொண்ணு கேப்பாரு. அது எங்கப் போய் நிக்கும்? புள்ள படிக்கிற பள்ளிக்கூட வாசல்ல போய் நிக்கும். வுடு. சுளைய எடு, எறும்பு வந்துரும்."

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை. அன்றைக்கே என் மயிரைப் பிடித்து இழுத்து நாலு அறை விட்டிருக்கலாமே நீ. வாசலில் நின்று கத்தியிருக்கலாமே. இத்தனை வருஷம் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாய். மன்னித்துவிட்டாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயாகச் சொல்லவும் இல்லை. நான்காம் நாள் போய்விட்டாய்.

போன மாதம் மூத்தவன் காகிதமும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தான். "அத்தைக்குக் கல்லு செதுக்கக் குடுக்கணும்மா. இன்னாரின் விதவைன்னு போடணும். அத்தை வீட்டுக்காரர் பேரு இன்னா?"

இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. யார் வந்து என்ன செய்துவிடப் போகிறார்கள்? அவர் இல்லை, நீ இல்லை, பிள்ளைகள் ஆளாகிவிட்டார்கள். அவன் முகத்தைப் பார்த்தேன். கறுத்துக் களையான, வெட்டவெளியில் நிமிர்ந்து பேசுகிற முகம். எதிராளிகள் அவன் பிறப்பைப் பற்றி மேடையில் பேசுவார்களே என்று பயம் வந்தது. அதே பழைய பயம்தான், துளி கூடக் குறையவில்லை.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கு யோசேப்பு என்று பேர் வைத்தார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த அப்பா பேர் அதுதான். அதற்கு முன்னால், நீ வாக்கப்பட்ட நாளில், அவருக்கு வேறு பேர். புருஷன் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன்.

"முனுசாமி."

"எந்த ஊரும்மா?"

"கணியம்பாடிப் பக்கம்."

"எப்படிப்பட்ட ஆளு? நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். நல்ல மனுசன்தான். தைரியம் கம்மி."

எழுதிக்கொண்டு போனான்.

கல்லை நட்டுவிட்டார்கள். அவருக்குப் பக்கத்திலேயே உனக்கு இடம். அவர் கல்லில் யோசேப்பு. உன் கல்லில் முனுசாமியின் விதவை. கோயில் விட்டு வருகிறவர்கள் நின்று படித்துவிட்டு, அக்காளும் தம்பியும் ஒன்றாகக் கிடக்கிறார்கள், என்ன பாசம் என்று சொல்லிப் போகிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். அந்தப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள், என் கல்லில் யோசேப்பின் மனைவி என்று வரும். உன் புருஷனை உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் அக்கா, யாருக்கும் தெரியாத பேரில். அவ்வளவுதான் என்னால் ஆனது.