நீல அரளிக்கு விட்ட இடம்

இன்று காலை நான் வேலை பார்த்த பழைய அச்சுக் கம்பெனியிலிருந்து அடுத்த வருடத்துக் காலண்டர் வந்தது. வேலையை விட்டு வந்த பிறகும் ஞாபகமாக ஒன்று அனுப்பிவிடுகிறார்கள். சுருளைப் பிரித்ததும் மை வாசனை. அந்த வாசனையோடு நான் வீட்டுக்குள் நுழைந்தால், "மைக்காரரு வந்துட்டாக" என்று அடுக்களையிலிருந்தே சொல்வாய். இன்று காலண்டர் வந்ததைச் சொல்லக்கூட வீட்டில் ஆள் இல்லை. நீ போய் இது இரண்டாவது காலண்டர்.

புதியதை மாட்ட ஆணி தேடியபோது உன் தோட்டப் படம் கண்ணில் பட்டது. கதவுக்குப் பக்கத்தில் நீ ஒட்டி வைத்த அதே ஷீட்டுதான். இத்தனை வருட வெயிலில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப்போய், வீடு, பாதை, புல் எல்லாம் நீலமாக நிற்கின்றன. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. நான் செய்த தப்பு மட்டும் வெளுக்கவில்லை பார்.

அந்த ஷீட்டு வீட்டுக்கு வந்த கதையை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. மகளின் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடக் கொண்டுவந்தேன் என்று மட்டும் சொன்னேன். சிவகாசியில் எந்தப் பிள்ளையின் புத்தகத்துக்குத்தான் காலண்டர் ஷீட்டில் அட்டை போடவில்லை? நீ அதை மடிக்க விடவில்லை. ஒரு வீடு, கேட்டிலிருந்து படி வரை லேசாக வளைந்து போகும் பாதை, பாதையின் இரண்டு பக்கமும் நீல நீலமாகப் பூத்த அரளி.

"இது நீங்க அச்சுல போட்டதா?" என்றாய்.

"ஆமா," என்றேன்.

அதுவரைக்கும் உண்மைதான். அந்தப் பூ ரோஸ் நிறம் என்பதையும், சீசன் அவசரத்தில் நான் கவனிக்காமல் நீல மை கூடி, சிவப்பு மை குறைந்துபோனதையும், அன்று காலையில்தான் முதலாளி எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியதையும் சொல்லவில்லை. வெளியே திட்டு வாங்கிய மனுஷனை வீட்டில் ஒருத்தி வாய் பிளந்து பார்த்தால், அவன் எப்படி வாயைத் திறப்பான்?

நீ அப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேனில் போய் வந்துகொண்டிருந்தாய். கை கழுவக் கழுவ வெள்ளி மருந்து விரலிடுக்கில் மினுங்கும். "எங்க கம்பெனியில பச்சை வருது, செவப்பு வருது. நீலம் மட்டும் சொன்ன பேச்சு கேக்காது. அப்படியே வந்தாலும் வானத்துல போயி எரிஞ்சு போயிருது. உங்க கலருதான் நிக்குது," என்றாய். என் வேலையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நாம் வீடு கட்டி முடித்ததும் நீ வீட்டுக்குள்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கோலமாவை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாய். அந்த ஷீட்டில் இருந்த மாதிரியே கரிசல் மண்ணில் வெள்ளைக் கோடு இழுத்துப் பாதை போட்டாய். "நேரா போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், கொஞ்சம் வளையட்டும்," என்றாய். வலது ஓரம் நந்தியாவட்டை, அதன் காலடியில் இட்லிப்பூ, சுவரை ஒட்டிச் செம்பருத்தி. கரிசல் வெடித்து வேரை அறுத்துவிடும் என்று ஒரு டிராக்டர் செம்மண் அடிக்கச் சொன்னாய். இடது ஓரம் முழுவதையும் நீல அரளிக்கு என்று விட்டு வைத்தாய்.

காரியாபட்டிப் பக்கத்து நர்சரிக்குப் பஸ்ஸில் போனோமே, நினைவிருக்கிறதா? ஷீட்டைச் சுருட்டிக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தாய். நர்சரிக்காரர் விரித்துப் பார்த்தார்.

"அரளியில ரோஸ் இருக்கு, வெள்ளை இருக்கு, மஞ்சள் இருக்கு. நீலம் கெடையாதும்மா."

"அச்சுல வந்திருக்கே. இவுகதான் போட்டாக. கேட்டுப் பாருங்க," என்று என்னைக் காட்டினாய்.

அவர் என்னைப் பார்த்தார். நான் செடித் தொட்டிகளைப் பார்த்தேன். "வெளியூர்ல இருக்கும்," என்றேன். அந்த ஒரு வார்த்தையில் உன்னை எத்தனை வருடம் காக்க வைத்துவிட்டேன்.

வலது ஓரம் வளர்ந்து ஜன்னலை மறைத்தது. இடது ஓரத்தில் வேறெதையும் நட நீ விடவில்லை. தினமும் காலையில் வேனுக்குக் கிளம்புமுன் அந்த வெறும் மண்ணுக்கும் ஒரு வாளி ஊற்றுவாய். "மண்ணு காஞ்சு கெட்டிப்பட்டா, செடி வரும்போது வேரு பிடிக்காது," என்பாய். எதிர்வீட்டு அக்கா, "ஏன்த்தா, கல்லுக்கும் ஊத்து, அதுவும் முளைக்கும்," என்று கேலி செய்வார். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் மட்டும் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதாவது சொல்லிவிடலாம் என்றுதான் கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டேன். நீ முந்திக்கொண்டாய். "அந்த ஓரத்த மூடிராதீக. அடுத்த மழைக்கு எங்கனயாச்சும் கெடைக்கும்." நான் சரி என்றேன். சரி என்று மட்டும்தான் சொன்னேன்.

இப்போது மகள் சென்னையிலிருந்து போனில் முன்வாசல் படங்களாக அனுப்புகிறாள். மண்ணை மூடிப் பேவர் பிளாக் கல் பதித்துவிட்டால் தண்ணீர் தூக்க வேண்டாம், வழுக்காது, அவள் வந்தால் காரும் நிற்கும். அவள் சொல்வது நியாயம்தான். எனக்கும் முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. கொத்தனாரை வரச் சொல்லிவிட்டேன்.

காலண்டரை மாட்டி முடிக்கவும் அவர் வந்தார். டேப் பிடித்து அளந்தார். பாதையின் வளைவை அப்படியே விடச் சொன்னேன், தலையாட்டினார். இடது ஓரத்தில் டேப்பை வைத்தபோது, "அது வேண்டாம்," என்றேன்.

"ஒன்னுமே இல்லையே அண்ணாச்சி. சும்மா கெடக்குற எடந்தானே?"

"செடி வரணும்."

"என்ன செடி?"

"நீல அரளி."

அவர் சிரித்தார். "அப்படி ஒன்னு உலகத்துலயே கெடையாதே."

"தெரியும்," என்றேன். "அது நான் அச்சுல பண்ணின தப்பு."

உன்னிடம் சொல்ல வேண்டியதை முன்பின் தெரியாத ஒரு கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் டேப்பைச் சுருட்டினார். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாய், மூன்றாம் நாள் ரோஸ் அரளி வாங்கி வந்து நட்டிருப்பாய். இந்நேரம் வாசல் கேட் உயரத்துக்குப் பூத்திருக்கும்.

அவர் போனதும் அரை வாளிதான் தூக்க முடிந்தது. இரண்டு நடையாக ஊற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இடது ஓரம் நனைந்திருக்கிறது. கெட்டிப்படவில்லை.