ஒரு வருஷத்துக்குக் கிடையாது

தி.நகர்
14.8.97

அத்தானுக்கு,

“பருவுக்குக் கொடுத்த காப்ஸ்யூலைச் சாப்பிடுகிறாயா, விசேஷம் உண்டா?” என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து நடக்கவே கூடாதாம்.

முகமெல்லாம் சீழ்க்கட்டியோடு மயிலாப்பூர் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். நீங்கள் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்ததைப் பார்த்ததும் பதறிவிட்டார். “யாரும்மா இதைக் குடுத்தா? சாப்பிடறப்ப கர்ப்பமானா குழந்தைக்கு மூளையே பாதிக்கலாம். பெட்டியிலேயே போட்டிருப்பாளே!”

பெட்டியைத்தான் சுமை என்று அங்கேயே எறிந்துவிட்டீர்களே. உங்கள் தங்கை கல்யாணப் போட்டோவில் இந்தப் பரு முகம் தெரியக் கூடாதென்று என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினீர்களே, அதே அவசரம்.

நல்லவேளை, ஒன்றுகூட விழுங்கவில்லை. ரத்தம் சோதித்தார்கள். கர்ப்பமில்லை, கல்லீரலும் நன்றாக இருக்கிறது. அடுத்த மாதவிலக்கின் மூன்றாம் நாள், டாக்டரம்மா எழுதித் தந்த அளவில் தொடங்கப் போகிறேன். ஏழெட்டு மாதம் சாப்பிட வேண்டுமாம், மாதாமாதம் சோதனை உண்டு. மருந்தை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கரு தங்கவே கூடாது. தையில் நீங்கள் லீவில் வந்தாலும் தடுப்பு வேண்டும். முடியாதென்றால் வராதீர்கள்.

உங்கள் அம்மாவிடம் இன்று காலையில் பேசிவிட்டேன்.

“ஒரு வருஷத்துக்குப் பிள்ளை கிடையாது அத்தை.”

“அவன் சொன்னானா?”

“இல்ல, நான் சொல்லுதேன்.”

இப்படிக்கு,
உங்கள் மனைவி