மஞ்சள் கோடு இல்லாத ரிப்பன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால்தான் அவ்வப்போது மக்கர் பண்ணுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன், படித்து முடித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும்.

என் பதக்க ரிப்பன் ஆல்பத்திலிருந்து ஒன்று காணாமல் போனதைச் சொன்னபோது, விட்டுடும்மா, குடும்பத்துக்குள்ள எதுக்கு என்றாய். நான் விடவில்லை. அந்தப் பழைய போர்ப் பதக்கத்தின் ரிப்பனுக்கு நடுவில் வெள்ளை, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடு. நெசவு பிசகி ஒரு ஓரத்தில் மஞ்சளே இல்லாமல் வந்த துண்டு என்னிடம் இருந்தது. ஒரே ரிப்பனில் இப்படி வரும் வித்தியாசங்களைத்தானே ஆயுசு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் மாமனார் சாப்பிட வந்து ஆல்பத்தைப் புரட்டிவிட்டுப் போன பிறகு அந்த இடத்தில் சாதா ரிப்பன் இருந்தது. கொஞ்ச நாளில் அவர் வீட்டு ஹாலில் என்னுடையது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. கேட்டதற்கு, எங்க தாத்தா பெட்டியில கிடைச்சது சம்பந்தியம்மா, உங்களுக்குக் கண்ணு மங்கிடுச்சு போல என்று உன் நாத்தனார் முன்னால் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாதா ரிப்பன் ஒன்றை எடுத்து, இரண்டு ஓர மஞ்சளையும் ஊசியால் இழை இழையாக உருவினேன். நடு வெள்ளையில் புது வெள்ளை நூலால் பொடிப்பொடியாகச் சில எழுத்துகள் தைத்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது. உன் மாமனார் வழக்கமாகப் போகும் பழம்பொருள் கடைக்காரரிடம் கொடுத்து, எங்கள் சம்பந்தி கண்ணில் படும்படி வையுங்கள், விற்க வேண்டாம் என்றேன். பார்த்துட்டுத் தரேன் என்று எடுத்துப் போனவர் போனவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சேகரிப்பாளர் சங்கக் கண்காட்சி. ஒரே சட்டத்தில் இரண்டு ரிப்பனும், பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு உன் மாமனாரும். இரண்டுமே தாத்தா பெட்டிதான் என்று எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தார். ஹால் விளக்கை அணைக்கச் சொல்லி, கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினேன். பழைய நூல் மினுங்காது, புது நூல் பளிச்சென்று மினுங்கும். முதலில் ‘திரு’ என்று தெரிந்தது. பார்த்தீங்களா, தாத்தாவுக்கு மரியாதை போட்டிருக்காங்க என்றார். விளக்கை நகர்த்தினேன். ‘டன்’ என்று வந்தது. ஹாலே கொல்லென்று சிரித்தது. மனுஷன் பேயறைந்தவர் போல நின்றார், நான் அதை ரசித்துப் பார்த்தேன், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். உன் மாமியார்தான் முன்னால் வந்து, இன்னொண்ணும் அவங்களோடதுதான், குடுத்துடுங்க என்று சட்டத்தைக் கழற்றி இரண்டையும் என் கையில் வைத்தார். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனபோது மட்டும் மனசு சங்கடப்பட்டது.

மறுநாள் உன் மாமனார் போன் பண்ணினார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தால், அந்தப் போலியைக் குடுங்க, எரிச்சிடறேன் என்கிறார். மாட்டேன் என்றேன். அதை ஆல்பத்தில் அசலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு ஓரம் மஞ்சள் இல்லாதது இன்னும் யாரிடமாவது இருக்கலாம். இரண்டு ஓரமும் இல்லாமல், திருடனின் பட்டத்தோடு இருப்பது என்னிடம் மட்டும்தான்.

குழந்தைக்குச் சளி என்றாயே, தலையை நன்றாகத் துவட்டு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். மறக்காமல், அவர் அப்பா சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் நீயே இதைச் சொல்லிவிடு.

கொஞ்சமும் வருந்தாத,
உன் அம்மா