தண்ணீர்த் தொட்டி மேல் ஆன்டெனா

கெட்டில் க்ரீக், நெப்ராஸ்கா
பிப்ரவரி 1976

அன்பு மகள் ஜானெல்லுக்கு உன் வெண்டல் சித்தப்பா எழுதுவது. இங்கே என் இடது காலைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே அலாஸ்காக் குளிரில் நீயும் உன் இரண்டு காலும் சுகமாக இருக்க வேண்டும். கால் உடைந்த கதையை உன் சித்தி ஓபல் உனக்கு ஏற்கெனவே எழுதியிருப்பாள், அதை நம்பாதே. சந்தைக்கு ஏற்றிய பன்றிகளில் ஒன்று, பன்றியா அது, ஒரு சின்ன கார் அளவு இருக்கும், லாரியிலிருந்து பாய்ந்தபோது நான் வெறும் கையால் மறித்தேன், அதில் உடைந்தது. அவளோ, பலகையில சாணிய மிதிச்சு வழுக்கி விழுந்தாரு, பன்றி பாவம் பயந்துபோச்சு என்று கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு திரிகிறாள். மாவுக்கட்டு இடுப்பு வரைக்கும் போட்டிருக்கிறார்கள், இவ்வளவு பெரிய கட்டை டாக்டரே தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம்.

லாரி சும்மா நின்றால் பன்றிச் சுமையை வேறொருத்தன் கொண்டுபோய்விடுவான் என்று ஓபல்தான் இப்போது ஓட்டுகிறாள். ஓட்டட்டும், ஆனால் கட்டுப் பிரிக்கிற அன்றைக்குச் சாவி என் கைக்கு வந்துவிட வேண்டும், பொம்பளைக்கு நிரந்தரமா எதுக்கு லாரி என்று சாப்பாட்டு மேஜையில் வைத்தே சொல்லிவிட்டேன். அவள், நான் பாதி சாப்பிடும்போதே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்ததிலிருந்து அவளுக்கு அதை விட மனசில்லை என்று எனக்குத் தெரியும். லாரியில் சிபி ரேடியோ இருக்கிறது, லாரிக்காரர்கள் ஒருத்தரோடொருத்தர் பேசிக்கொள்கிற பெட்டி, ஒருத்தன் பேசினால் ரோடே கேட்கும், உனக்குத்தான் தெரியுமே, அதில் யாரும் சொந்தப் பெயரில் பேசுவதில்லை, ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர். என் பெயர் இரும்பு இடி, டென்வர் வரைக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் ஓரம் கட்டுவார்கள். நீ இரும்பு இடியின் சம்சாரம்னு வச்சுக்க, ரோட்டுல மரியாதை கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அதுக்கு நான் ஊமைன்னே பேர் வச்சுக்குவேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

இப்போது செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். காலையிலிருந்து பனிப்புயல். டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. நம் ஊருக்கு வருகிற வழியிலுள்ள நாய்க்கழுத்து மேட்டில் ரோடு கண்ணாடி மாதிரி உறைந்திருக்கிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்த இறக்கம் எப்படிப்பட்டதென்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓபல் பன்றியை இறக்கிவிட்டு அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும், காலி வண்டி வேறு, காலி வண்டிதான் பனியில் அதிகம் வழுக்கும். அடுப்பில் அவள் வைத்துவிட்டுப் போன பீன்ஸ் குழம்பும் பட்டை போட்ட பன்னும் அப்படியே இருக்கிறது, ஒரு வாய் இறங்கவில்லை. நாலு பன்னோடு நிறுத்திக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்.

சும்மா உட்காருகிற ஆளா நான்? கொட்டகையில் பழைய சிபி பெட்டி ஒன்று கிடந்தது, கார் கூரையில் ஒட்டவைக்கிற, அடியில் காந்தம் உள்ள ஆன்டெனாவும் கூடவே இருந்தது. பக்கத்து வீட்டு ஹார்லனைக் கூப்பிட்டேன். ஆள் நல்லவன், மூளைதான் கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். டிராக்டர் பாட்டரியைச் சமையலறைக்குத் தூக்கிவரச் சொல்லி, பெட்டிக்கு இணைப்புக் கொடுத்தேன். இந்த ஆன்டெனாவுக்குக் கீழே அகலமாக உலோகத் தகடு இருந்தால்தான் சத்தம் வெளியே போகும், இது விஞ்ஞானம், நானாகவே கண்டுபிடித்தேன், பெட்டியின் அட்டையிலும் எழுதியிருக்கிறது. அதனால் ஓபலின் கேக் தட்டை ஜன்னல் மேடையில் கவிழ்த்து அதன்மேல் ஆன்டெனாவை வைத்தேன். ஒட்டவில்லை, சாய்ந்து குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. காந்தம் செத்துப்போச்சு என்றேன். தட்டு அலுமினியம்ணே, அலுமினியத்துல காந்தம் ஒட்டாது என்றான் ஹார்லன். அது எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன் என்று சொல்லிவிட்டு, குழம்பைத் துடைத்து, ஆன்டெனாவைத் தட்டோடு சேர்த்துத் துணிக் கயிற்றால் கட்டினேன்.

இரும்பு இடி பேசுறேன், இரும்பு இடியின் சம்சாரம் எங்கிருந்தாலும் பதில் சொல்லவும் என்று கூப்பிட்டேன், கூப்பிட்டேன், தொண்டை வற்றக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கர்ரென்ற இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒருத்தன், அப்படி யாரும் இந்த ரோட்டுல இல்லண்ணே, அந்தப் பேருக்கு எந்தப் பொம்பள பதில் சொல்லுவா என்றான். நான் மறுபடியும் கூப்பிட்டேன். அப்போது ஒரு பெண் குரல், மஞ்சள் குருவி பேசுறேன், யாரைத் தேடுறீங்க பெரியவரே என்றது. குரலா அது, தகர டப்பாவுக்குள் தவளை உட்கார்ந்து கத்துகிற மாதிரி. நாய்க்கழுத்து மேட்டுக்கு மேலே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, பனி தள்ளுகிற வண்டி வந்து மண் தூவினால்தான் இறங்க விடுவார்கள், தானும் அங்கேதான் நிற்பதாகச் சொன்னாள்.

என் சம்சாரம் அந்த வரிசையில இருக்காளா பாருங்கம்மா, சிவப்பு லாரி, அவளுக்கு ஓட்டக் கத்துக் குடுத்ததே நான்தான் என்றேன். அப்படியா, நல்லா ஓட்டுவாங்களா என்றாள். முன்பின் தெரியாத லாரிக்காரிதானே, யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள் என்று, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, என்னைவிட நல்லா ஓட்டுவா, சந்தை மேடையில நான் மூணு தடவை ரிவர்ஸ் எடுப்பேன், அவ ஒரே தடவைல கொண்டுபோய் நிறுத்துவா, இறக்கத்துல அவ கை நடுங்காது, இங்க உக்காந்திருக்கிற எனக்குத்தான் நடுங்குது என்றேன். சரியாக் கேக்கல, திரும்பச் சொல்லுங்க என்றாள். சொன்னேன். இன்னும் இரைச்சலா இருக்கு, ரிவர்ஸ் விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை என்றாள். அதையும் சொன்னேன். ஹார்லன் தலையைச் சொறிந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். உங்க ஆன்டெனா சரியில்ல பெரியவரே, வீட்டுக்குள்ள வச்சா இப்படித்தான், பின்னால மாட்டுத் தண்ணித் தொட்டி குளிர்காலத்துக்குக் கவுத்து வச்சிருக்குல்ல, நல்ல இரும்பு, அதுமேல வைங்க என்றாள். ஜானெல், நம் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிற தொட்டி ஊர்பேர் தெரியாத மஞ்சள் குருவிக்கு எப்படித் தெரியும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது, ஆனால் அவசரம். ஹார்லன் வெளியே போய்த் தொட்டி மேல் பனியைத் தட்டிவிட்டு, ஆன்டெனாவை நடுவில் வைத்தான், டப்பென்று ஒட்டிக்கொண்டது. வயரை ஜன்னல் இடுக்கு வழியாக இழுத்தோம். இப்ப கேக்குதா என்றேன்.

கேக்குது, நல்லாவே கேக்குது என்று பதில் வந்தது. தவளையும் இல்லை, தகர டப்பாவும் இல்லை. மஞ்சள் குருவி வேறு யாருமில்லை, உன் சித்தியேதான், அடுப்படியில் நின்று பேசுகிற மாதிரி. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், உயிரோடு இருக்கிறாளே என்று. அப்புறம்தான் நான் என்னென்ன உளறினேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சரி, இத்தனை பேர் கேட்டுக்கிட்டிருக்காங்க, இப்பவே சொல்லிடுங்க, கட்டுப் பிரிச்சப்புறம் சாவி யார்கிட்ட என்றாள். நான் மைக்கை வாயருகே வைத்து, கர்ர்ர், சரியாக் கேக்கல, கர்ர்ர் என்று வாயாலேயே இரைச்சல் கிளப்பினேன். இந்த ஹார்லன் பாவி பக்கத்திலிருந்து, மணியடிச்ச மாதிரி கேக்குதேண்ணே என்கிறான். ரேடியோவில் ஒருத்தன், இரும்பு இடி அண்ணே, பதில் சொல்லுங்க, எங்க காப்பி ஆறுது என்றான். இன்னொருத்தன், மூணு தடவை ரிவர்ஸ் எடுக்காதீங்க, ஒரே தடவைல சொல்லுங்க என்றான். அப்போது ஓபல், பனி வண்டி வந்தாச்சு, முதல் வண்டி நான்தான், இறங்கப் போறேன் என்றாள். அவள் குரலில் முதல் தடவையாகக் கேலி இல்லை.

நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாவி உன்கிட்டயே இருக்கட்டும் ஓபல், கட்டுப் பிரிச்சாலும் உன்கிட்டயே இருக்கட்டும், பிரேக்கை மிதிக்காதே, கியர்லயே இறக்கு, பத்திரம் என்றேன். அவள் பிரேக்கை மிதிக்கிறவள் இல்லை, அது எனக்கும் தெரியும், வேறென்ன சொல்வது. நான் ஒற்றைக் காலில் எழுந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஹார்லன் என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, அடிவாரத்துக்கு வந்துட்டேன், குழம்பைச் சூடு பண்ணுங்க என்றாள். மேட்டின் மேலே நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தார்கள் பார், பனியையும் தாண்டி நம் வீட்டுக் கண்ணாடி அதிர்ந்தது. அறுநூறு லாரி இருக்கும். ஹார்லன் ஏழு என்கிறான், அவனுக்கு எண்ணத் தெரியாது.

ஆக, நானாகவே நன்றாக யோசித்து லாரியை உன் சித்திக்கே கொடுத்துவிட்டேன், ஆதியிலிருந்தே என் திட்டம் அதுதான், யார் கேட்டாலும் அப்படியே சொல். ஆன்டெனா தொட்டி மேலேயே இருக்கிறது, வெயில் காலம் வந்து மாடுகள் தண்ணீர் கேட்கும் வரைக்கும் நான்தான் இந்த ரோட்டுக்குத் தலைமை அலுவலகம். நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ, சூடாகச் சாப்பிடு, முன்பின் தெரியாத ஆட்கள் பேச்சுக் கொடுத்தால் உண்மையைச் சொல்லாதே. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். மறக்காமல் ஒன்று, சித்தி வாரமெல்லாம் ரோட்டில் இருப்பதால் உன் கடிதங்களை இனி நான்தான் ரேடியோவில் அவளுக்குப் படித்துக் காட்டுவேன், அங்கே நீ பழகுகிற அந்தப் பையனைப் பற்றி எழுதுவதானால் பார்த்து எழுது, ஏழு லாரி கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு, உன்னை வளர்த்த
வெண்டல் சித்தப்பா