அண்ணனுக்குக் கொடுக்க முடியாத மஜ்ஜை

ஜூலை 3, வியாழன்
காலையிலிருந்து தூறல். நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள பனியன் யூனிட்டில் செக்கிங் ஆட்கள் இருவர் லீவு. நானே டேபிளில் நின்று பனியன் தையல் பார்த்தேன்.

மதியம் வெள்ளகோவிலிலிருந்து அண்ணன் போன். அவருக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் சரியாக ஊறுவதில்லை; மறுபடி ரத்தம் ஏற்றினார்களாம். "அம்மிணி, உன்ற மஜ்ஜை எனக்கு முழுசாப் பொருந்துதாம்." அழுதுவிட்டேன். அப்பாவும் இதே வயதில்தான் போனார். ரத்தம் வற்றிப் போச்சு என்றார்கள், அவ்வளவுதான். அண்ணனையாவது காப்பாற்றலாம்.

ஜூலை 8
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. எனக்கும் ஜீன் டெஸ்டாம். "எதுக்குங்க, அதான் பொருந்துதுங்களே?" என்றேன். அண்ணனுக்கு டி.டி.எக்ஸ்-41 என்ற ஜீனில் பிறவியிலேயே கோளாறு. அப்பாவிடமிருந்து வந்திருந்தால் எனக்கும் இருக்கலாமாம்.

டாக்டரம்மா சொன்னதில் புரிந்தது: ஜீனிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ நகலில் வேண்டாத துண்டுகளை வெட்டி, மீதியை ஒட்ட வேண்டும். அதற்கு ஆர்.என்.ஏ-வின் முறுக்கைப் பிரித்துவிட ஹெலிகேஸ் என்ற புரதங்கள் வேண்டும். இந்த ஜீன் அப்படி ஒன்றுக்கானது. அது கெட்டால் வயதான பிறகு ரத்தம் ஊறுவதும் கெடலாம்.

ஜூலை 19
ரிசல்ட் வரவில்லை. "அப்பனை உரிச்சு வச்சிருக்குது" என்று என்னை ஊரே சொல்லும்போது பெருமையாக இருந்தது. இப்போது கண்ணாடி முன் நிற்கப் பயம்.

ஜூலை 29
எனக்கும் இருக்கிறது.

டாக்டரம்மா: "உங்களுக்கு இப்ப நோய் இல்லைங்க. வராமயே போகலாம். ஆனா உங்க மஜ்ஜையக் குடுத்தா, அதே கோளாறு திரும்ப அவருக்குப் போயிரும்."

அண்ணனிடம் சொன்னேன். "உனக்குமா, அம்மிணி?" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 6
அண்ணன் மகன் தினேஷுக்குக் கோளாறு இல்லை. பாதிப் பொருத்தம்தான், ஆனாலும் கொடுக்கலாமாம். "நானே குடுத்தர்றனுங்க அத்தை" என்றான். எனக்குச் சந்தோஷம். கூடவே ஒரு நொடி பொறாமை. எழுதக் கூசுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு
தினேஷின் மஜ்ஜை ஏற்றியதில் அண்ணனுக்குப் புது ரத்தம் ஊறத் தொடங்கிவிட்டது. இன்னும் தனி அறைதான். கஞ்சி குடித்தாராம்.

இன்று என் மகள் பவித்ராவிடம் எல்லாம் சொன்னேன். அந்தக் கோளாறு அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதையும். தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ டெஸ்ட் எடுக்காமயே இருந்திருக்கலாமில்லம்மா?"

"எடுக்கலீன்னா மாமனுக்கு அந்தக் கோளாறையே திரும்பக் குடுத்திருப்பேன், கண்ணு."

அடுப்பை அணைத்தாள். "எனக்கு டெஸ்ட் எடுக்க எப்பப் போலாம்?"

புதன்கிழமைக்கு இருவருக்கும் லீவு சொல்ல வேண்டும்.