தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டாலும் சொல்லமாட்டாய். தொலைபேசியில் பேசினால் உடனே சண்டை வந்துவிடுகிறது என்று நாம் கடிதத்துக்கு மாறியது நல்லதாய்ப் போயிற்று. கடிதத்தை நீ பாதியில் வைத்துவிட முடியாது.

நேற்று பள்ளிக்கு ஒரு பெட்டி வந்தது. ஒன்றாம் வகுப்புக்கான சுகாதாரப் பாடப் புத்தகங்கள். பின்னட்டையில் எழுதியவர் என்று உன் பெயர். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "உங்க அக்காவா? சொல்லவே இல்லையே டீச்சர்! உக்காருங்க, உக்காருங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதற்காக உனக்கு நன்றி.

புத்தகம் நன்றாக இருக்கிறது. படத்தில் உள்ள குழந்தைகள்தான் பயமுறுத்தும் அளவுக்குச் சுத்தம். "இவங்க ஸ்கூல் எங்க இருக்கு டீச்சர்?" என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். கூடவே வந்த பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் வாசலில் வைத்திருக்கிறோம். மக்குவது ஒன்றில், மக்காதது ஒன்றில். சாயந்திரம் ஆயா இரண்டையும் பின்சுவருக்கு அப்பால் ஒரே குழியில் கொட்டுகிறார். வேறு குழி கிடையாது.

ஒரு சிக்கல். கை கழுவும் பாடத்தில் முதல் படி, ‘ஓடும் நீரில் கைகளை நனை.’ எங்கள் குழாயில் தண்ணீர் நின்று ஒரு கோடை போய்விட்டது. கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள், பிள்ளைகள் சுவருக்குப் பின்னால் போய்வருகிறார்கள். வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவரும் தண்ணீர் குடிக்கத்தான் காணும். நகராட்சிக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

அதனால் பாடத்தைக் காற்றில் நடத்தினேன். தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் வரிசையாக. நீ பார்த்திருக்க வேண்டும். உன் செல்ல வாயாடிதான் வகுப்பிலேயே சத்தம். "டீச்சர், சோப்பு வழுக்கி விழுந்திடுச்சு" என்று பெஞ்சுக்கு அடியில் தேடுகிறாள். பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் போட்ட சட்டத்தை அவள் மீறியதே இல்லை. வகுப்பிலேயே அழகாகச் செய்கிறவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரும் ஒரு பெண். வாயே திறக்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கோவிலில் நிற்பதுபோல் நின்று செய்வாள்.

நீ சொன்னால் கேட்பார்கள் அக்கா. எங்களுக்கு ஒரு குழாய் வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை


ஜூன் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்று எழுதியிருந்தாய். வைத்தேன். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன்.

எங்கள் அலுவலகக் கூட்டத்தில் நீ எழுதியதைச் சொன்னேன். உங்கள் குழாயைப் பற்றிப் பேச அதை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இயக்குநர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தண்ணியே இல்லாம பழக்கத்தை உண்டாக்கியிருக்காங்களா! இது நல்ல யோசனையாச்சே" என்றார். மற்றவர்களும் நல்ல யோசனை என்றார்கள். நான் பேச வந்த விஷயம் மேசைமேல் அப்படியே கிடந்தது.

அடுத்த மாதம் உங்கள் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள். நானும் வருகிறேன். தண்ணீர் எங்கள் துறையில்லை. ஆனாலும் நேரில் வந்து பார்க்கிறவர்களின் கண்ணில் காய்ந்த குழாய் படாமல் போகாது.

ஒரு சந்தேகம் மட்டும். நாடகத்தில் நடிப்பவனுக்குத் தன் கையில் இருப்பது அட்டைக்கத்தி என்று தெரியும். ஆறு வயதுக்கு அது தெரியுமா? உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் எழுத அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

நீ உன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வாயாடியைப் பெரியம்மா விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

அக்கா என்று எழுதப் பேனா ஓடவில்லை. போகப் போக ஓடும்.

உன் அட்டைக்கத்திச் சந்தேகத்துக்கு முதலில் பதில். தெரியும். ஏன் தெரியாது? எங்கள் பிள்ளைகள் என்ன முட்டாள்களா?

நீங்கள் வந்துபோன அன்று எல்லோருக்கும் சந்தோஷம்தான். இயக்குநர் குனிந்து, "தண்ணி ஜில்லுன்னு இருக்கா பாப்பா?" என்று கேட்க, வாயாடி "சூடா இருக்கு சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தெறிக்கும்" என்றதும், அவர் நிஜமாகவே பின்னால் நகர்ந்ததும் இன்றுவரை இங்கே பேச்சு. ‘முன்மாதிரிப் பள்ளி’ என்ற சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியாயிற்று. எங்கே தெரியுமா? குழாய்க்கு நேர் மேலே. ஆணி அங்கேதான் ஏற்கெனவே இருந்தது.

நேற்று நகராட்சியிலிருந்து பதில் வந்தது. நாங்கள் எழுதியதற்கு வந்த முதல் பதில். பார்வையிட்ட குழுவின் அறிக்கைப்படி இந்தப் பள்ளியில் மாணவர்கள் முறைப்படி கை கழுவுவதால் குடிநீர் இணைப்பு அவசரத் தேவையாகக் கருதப்படவில்லையாம். கூட இணைத்திருந்த அறிக்கையில் மூன்றாவது கையெழுத்து உன்னுடையது. சின்ன வயசில் என் மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக நீ போட்டுத் தருவாயே, அதே சுழிப்பு.

தலைமை ஆசிரியர், "உங்க அக்காதானே டீச்சர், கேட்டுப் பாருங்க" என்கிறார். கேட்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

அறிக்கையில் இருந்த கேள்வி, ‘மாணவர்கள் கை கழுவும் படிகளை முறையாகச் செய்கிறார்களா?’ செய்தார்கள். ஆம் என்று எழுதினேன். தண்ணீர் வருகிறதா என்ற கேள்வி அதில் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். தட்டச்சு செய்தபோது ஓரம் விட்டுப்போயிற்று. தண்ணீர் எங்கள் துறையில்லை என்று முன்பே எழுதியிருந்தேன்.

நகராட்சி எங்கள் அறிக்கையை இப்படிப் பயன்படுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும் என்று உனக்கு வாக்குத் தர எனக்குத் துணிச்சல் இல்லை.

இதையும் நீ வேறு யாரிடமிருந்தாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உன் பாடத்துக்குக் ‘காற்று முறை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில்லாத எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப் போகிறார்கள். உன்னைப் பாராட்டி ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

கோபத்தை எழுதினாய், இடுப்பு வலியை எழுதவில்லை.

அக்கா


செப்டம்பர் 4

அக்கா,

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே. வாயாடி பிழைத்துக்கொண்டாள்.

போன வாரம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாந்தியும் பேதியும். சுவருக்குப் பின்னால் போய்விட்டு வந்து, காற்றில் கழுவி, அந்தக் கையாலேயே சாப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில்? "கை கழுவினியா?" என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். "கழுவிட்டேம்மா" என்பாள். அந்தக் கை ஈரமாக இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை.

இன்று காலையில் அவள் முதல் தடவையாக எழுந்து நடந்தாள். கழிப்பறையிலிருந்து வந்ததும் நர்ஸ் அவளைக் கை கழுவும் தொட்டிக்கு அழைத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நல்ல தண்ணீர், தடிமனாகக் கொட்டியது. இவள் எட்டிக் குழாயை மூடினாள். மூடிவிட்டு, சட்டைக்கையை மேலே இழுத்துக்கொண்டு, எல்லாப் படியையும் ஒன்று விடாமல் காற்றில் செய்தாள். கையை உதறினாள். விரித்துக் காட்டி, "ஆச்சு" என்றாள்.

நர்ஸ் சிரித்தார். "என்னடி கண்ணு விளையாட்டு இது? தண்ணியில கழுவு."

"இப்படித்தான் கழுவணும். டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க."

"எந்த டீச்சர் அது?"

பக்கத்தில் நின்ற என்னைக் கை காட்டினாள். பெருமையாகத்தான் காட்டினாள் அக்கா.

கடைசி பெஞ்சுக்காரி முந்தாநாள் இறந்துபோனாள். எதிர்க்கட்டில்தான். கடைசிவரை சத்தமே போடவில்லை.

ஆறு வயதுக்கு அது தெரியுமா என்று நீ ஜூன் மாதமே கேட்டாய். நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.


செப்டம்பர் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் பாதியில் வைக்கவில்லை.

ஆறுதலாக எதையாவது எழுத உட்கார்ந்தேன். எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

விசாரணைக் குறிப்பு எழுதும் வேலையை என்னிடமே தந்தார்கள். ‘பாடத்தை ஆசிரியை தவறாகப் புரிந்துகொண்டார்’ என்று ஒரு வரி போதும் என்றார் இயக்குநர். "உங்க தங்கச்சிதான், தெரியும். இடமாற்றத்தோட முடிச்சுக்கலாம். பெரிசு பண்ண வேண்டாம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அங்கே யாருமே கெட்டவர்கள் இல்லை.

நான் எழுதிக் கொடுத்தது இது: ‘குழந்தைகள் தங்களுக்குக் கற்பிக்கப்பட்டதைச் சரியாகச் செய்தார்கள். கற்பிக்கப்பட்டதில் தண்ணீர் இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஆம் என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தி.’ இந்தத் தடவை பேனாவால், பக்கத்தின் நடுவில். நகல்களை நகராட்சிக்கும் காற்று முறை போய்ச்சேர்ந்த எல்லாப் பள்ளிகளுக்கும் நானே அனுப்பினேன். என்னை விடுப்பில் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

புத்தகத்தின் முதல் படியையும் மாற்றி எழுதினேன். ‘குழாயைத் திற. தண்ணீர் வரவில்லையா? புத்தகத்தை மூடு. ஏன் வரவில்லை என்று பெரியவர்களைப் போய்க் கேள்.’ அச்சிடமாட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உன்னிடம் யார் எதில் கையெழுத்துக் கேட்டாலும் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


செப்டம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடி வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது கை கழுவச் சொன்னால் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தொடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. நான் பக்கத்திலேயே நின்று என் கையையும் கூட நனைத்துக்கொள்கிறேன். பேச்சு இன்னும் பழையபடி வரவில்லை.

பள்ளிக்குத் தினமும் லாரியில் தண்ணீர் அனுப்புகிறார்கள். குழாய் போட ஆள் வந்து அளந்துவிட்டுப் போனார். சான்றிதழைக் கழற்றியாயிற்று, ஆணி இருக்கிறது. உன் புது முதல் படியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தலைமை ஆசிரியர் வந்து நின்று படித்தார். அழிக்கச் சொல்லவில்லை.

நேற்று கடைசி பெஞ்சுக்காரியின் வீட்டுக்குப் போனேன். இவ்வளவு நாள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறேன். ஒற்றை அறை. அவளுடைய அம்மா தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், தைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

அவர் ஒன்றுதான் கேட்டார். "எல்லாரும் சொல்றாங்க டீச்சர், கை சரியா கழுவாததாலதான்னு. அவ கழுவுவாளே? தினமும் எங்கிட்டகூட செஞ்சு காட்டுவாளே, கண்ணை மூடிக்கிட்டு. சரியாத்தானே டீச்சர் செஞ்சா?"

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர்தான் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஆனால் நேராக என் வீட்டுக்கு வராதே. தையற்காரம்மா வீட்டுத் தெருமுனையில் நிற்கிறேன். நீ பக்கத்தின் நடுவில் பேனாவால் எழுதியதை, அவருக்குப் புரிகிற மாதிரி வாயால் சொல்ல வேண்டும். அவள் சரியாகத்தான் செய்தாள் என்று. தண்ணீர் வைக்காதவர்கள் யார் யார் என்று. தனியாகப் போய் என்னால் சொல்ல முடியவில்லை. உன்னாலும் தனியாக முடியாது, எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போவோம். வாயாடி பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் தங்கை

இடுப்பு வலி இருக்கிறது.